"கிடைச்சதை வெச்சுக்கிட்டு இரு": இதுதான் நன்றியா?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். புதிதாக ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டு, கடைசியில் செய்யாமல் விட்டது உங்களுக்கு எது? கவிதைப் போட்டிக்குப் பெயர் கொடுக்காததா? குறும்படத்துக்கு எழுதிய ஸ்கிரிப்ட் இன்னும் போனிலேயே கிடக்கிறதா? மேடையேறிப் பாடலாம் என்று நினைத்து கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டீர்களா?

ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "டைம் இல்ல", "இன்டர்னல்ஸ் வருது" என்போம். இரண்டும் பொய் இல்லை. ஆனால் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த நம்மில் பலருக்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதை யாரிடமும் சொல்வதில்லை. "வீட்டுல அவ்ளோ கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாங்க. நான் இங்க வந்து நாடகம் போட்டுட்டு இருக்கேனா?"

இந்த எண்ணத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் நன்றி. நன்றியோடு இருப்பவன் அடங்கி இருக்க வேண்டும், கிடைத்ததை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நமக்கே தெரியாமல் பழகிவிட்டோம். அது சரியா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

என் கதை கொஞ்சம்

நான் பள்ளிப்பட்டுக்காரன். திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு மூலை. கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா வந்துவிடும். வீட்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று எங்கள் பக்கம் முழுக்க நெசவு. எங்கள் வீட்டிலும் நான்கு விசைத்தறிகள். தறி ஓடினால்தான் கூலி.

போன வருஷம் டிபார்ட்மென்ட் நாடகத்துக்குப் பின்னணி ஒலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. நெட்டில் இருந்து ஏதாவது மியூசிக் எடுத்துப் போடலாம் என்றார்கள். எனக்கு வேறொரு யோசனை இருந்தது. தறிச் சத்தத்தைப் பதிவு செய்து, அதன் தாளத்திலேயே முழு நாடகத்தையும் நடத்தினால் என்ன? மூன்று வாரம் இதை வாயைத் திறந்து சொல்லவில்லை. ஒரு பக்கம் கூச்சம். இன்னொரு பக்கம், அப்பா ராத்திரி பகலாக நின்று ஓட்டும் தறியை நான் விளையாட்டுப் பொருளாக ஆக்குகிறேனோ என்ற உறுத்தல்.

கடைசியில் ஊருக்குப் போய்க் கேட்டேவிட்டேன். "சத்தத்தையா? அதைப் புடிச்சு என்னப்பா பண்ணப் போற?" என்றார் அப்பா. ஆனாலும் ஒரு தறி மட்டும் தனியாகக் கேட்க வேண்டும் என்றதும், மற்ற மூன்றையும் அரைமணி நேரம் நிறுத்தி வைத்தார். நான் போனில் ரெக்கார்ட் செய்துகொண்டு கிளம்பிவிட்டேன்.

நாடகத்துக்குப் பரிசு ஒன்றும் வரவில்லை. ஸ்பீக்கர் சரியில்லாமல் முதல் இரண்டு நிமிஷம் என்ன சத்தம் என்றே பலருக்குப் புரியவில்லை. ஆனால் நான் உண்மையில் கற்றுக்கொண்டது அதற்கு அப்புறம்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நன்றி என்றால் என்ன?

இன்றைக்கு நன்றி என்றால் 'தேங்க்ஸ்'. பழைய தமிழில் அந்தச் சொல்லுக்கு நன்மை என்று பொருள். செய்ந்நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நன்மை. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் நமக்கெல்லாம் மனப்பாடம்: செய்ந்நன்றி அறிதல். பெயரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 'சொல்லுதல்' என்று இல்லை, 'அடைத்தல்' என்றும் இல்லை. 'அறிதல்' என்று இருக்கிறது.

அதாவது, யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று சரியாகத் தெரிந்து வைத்திருப்பது. இப்படிப் பார்த்தால், நன்றி நம்மைக் கட்டிப்போடும் கயிறு ஆகாது. கையில் என்ன இருக்கிறது என்று காட்டும் கணக்கு அது. புதிய இடத்துக்குக் கிளம்புகிறவனுக்கு அந்தக் கணக்குதானே முதலில் வேண்டும்?

திருத்தணியில் இருந்து ஒருவர்

பள்ளிப்பட்டிலிருந்து நான் திருத்தணிக்கு பஸ் பிடித்து, அங்கே சென்னை ரயில் ஏறுவேன். அந்தத் திருத்தணியைச் சேர்ந்தவர்தான் 1888இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் தத்துவம் படிக்க வந்ததே பெரிய லட்சியத்தால் இல்லை. படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். வசதி இல்லாத வீடு, புத்தகம் சும்மா கிடைத்தது, அதையே படித்தார். சீனியரின் நோட்ஸை நம்பிப் படிக்கும் நமக்கு இது புதுசா என்ன?

சென்னை கிறித்தவக் கல்லூரியில் அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற விமர்சனம் அப்போது பலமாக இருந்தது. மாணவரான ராதாகிருஷ்ணன் அதற்கு மறுப்பாகவே தன் எம்.ஏ. ஆய்வுரையை எழுதினார். பேராசிரியருக்குக் கோபம் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. ஆனால் ஹாக் அதைப் பாராட்டினார். 1908இல் அது புத்தகமாக வந்தபோது ராதாகிருஷ்ணனுக்கு 20 வயது. 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1962இல் குடியரசுத் தலைவர் ஆனபோது, தன் பிறந்தநாளைக் கொண்டாட வந்தவர்களிடம் அதை ஆசிரியர் தினமாகக் கொண்டாடச் சொன்னார்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஆசிரியர் கொடுத்த கருவிகளை வைத்தே, தன் வகுப்பில் கேட்ட விமர்சனத்துக்கு மறுப்பு எழுதினார். அதனால் அவர் நன்றி கெட்டவர் ஆகிவிடவில்லை. நன்றி என்பது தலையாட்டுவது அல்ல. கற்றுக்கொடுத்ததைப் பயன்படுத்துவதும் நன்றிதான்.

பெயரே இல்லாத இசை

ராதாகிருஷ்ணன் எழுதியது ஆய்வுரை. கலையில் இது எப்படி நடக்கும்? இளையராஜாவைப் பாருங்கள்.

1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் 'அன்னக்கிளி'. அடுத்த பத்து வருஷத்தில் தமிழ் சினிமாவே அவர் பக்கம் இருந்தது. அதைவிடப் பெரிய கம்ஃபர்ட் ஸோன் என்ன இருக்க முடியும்?

அந்த நேரத்தில், 1986இல், சினிமாவோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆல்பம் செய்தார். ஹீரோ இல்லை, கதை இல்லை, டைரக்டர் சொல்லும் சிச்சுவேஷன் இல்லை. கர்நாடக ராகங்களும் ஐரோப்பாவின் பரோக் இசை முறையும் சேர்ந்த முயற்சி. வயலின் வி.எஸ். நரசிம்மன். ஆல்பத்தின் பெயர் 'ஹவ் டு நேம் இட்?'. அதாவது, இதற்கு என்ன பெயர் வைப்பது? அதைத் தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையாக்கினார்.

கவனியுங்கள். செய்தது என்ன வகை இசை என்பதற்குப் பெயர் இல்லை. ஆனால் அது யாரிடமிருந்து வந்தது என்பதற்குப் பெயர் இருக்கிறது. பாக் 1750இலும் தியாகராஜர் 1847இலும் மறைந்துவிட்டார்கள். நேரில் பார்க்க முடியாதவர்களுக்கும் நன்றி உண்டு. இரவு இரண்டு மணிக்கு உங்கள் எர்ரரைத் தீர்த்து வைத்த, முகம் தெரியாத ஓப்பன் சோர்ஸ் புரோகிராமருக்கும் அதே கணக்குதான்.

அவர் அதோடும் நிற்கவில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க, 'வேலியன்ட்' என்ற தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது வயது 81. இன்டர்னல்ஸ் முடியட்டும் என்று காத்திருக்கும் நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

"இதெல்லாம் பெரிய ஆளுங்க கதை" என்று சொல்வீர்கள். சரி, கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வுக்கு வருவோம். 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் ஒரு முறை, பத்து வாரம் எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றிக்குரிய விஷயங்களை எழுதியது. இன்னொன்று எரிச்சலூட்டியவற்றை எழுதியது. மூன்றாவது, நடந்ததைச் சும்மா எழுதியது. நன்றி எழுதியவர்கள், எரிச்சலை எழுதியவர்களைவிட வரப்போகும் வாரத்தை அதிக நம்பிக்கையோடு பார்த்தார்கள், உடற்பயிற்சியும் அதிகம் செய்தார்கள். அடங்கி உட்காரவில்லை, எழுந்து நடந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2018இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, "வாங்குறவங்களுக்கு எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். எழுதியவர்கள், அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகக் கணக்குப் போட்டார்கள். எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்பதைக் குறைவாகக் கணக்குப் போட்டார்கள். வாங்கியவர்களைக் கேட்டபோது நிலைமை தலைகீழ். ஆக, நன்றி சொல்வதே ஒரு கம்ஃபர்ட் ஸோனைத் தாண்டும் வேலைதான். அதில் பழகினால் மேடை பயமும் கொஞ்சம் குறையும் என்பது என் அனுபவம்.

பாவுப் பட்டியல்: ஒரு சின்னப் பயிற்சி

தறியில் நீளவாக்கில் முதலிலேயே இழுத்துக் கட்டியிருக்கும் நூல் பாவு. குறுக்கே நாடாவில் ஓடும் நூல் ஊடை. பாவு ஏற்கனவே போட்டது. ஊடையின் நிறத்தை மாற்றினால், அதே பாவில் வேறு துணி வரும். பாவே இல்லை என்றால் நாடா எத்தனை தரம் ஓடினாலும் துணி வராது. அதனால் இந்தப் பயிற்சிக்கு நான் வைத்த பெயர் பாவுப் பட்டியல்.

1. சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதுவரை செய்யாததாக இருக்கட்டும், ஒரு வாரத்தில் முடிவதாகவும் இருக்கட்டும். ஒரு பக்கக் கதை, ஒரு நிமிஷ வீடியோ, ஒரு போஸ்டர் போதும்.

2. ஆரம்பிப்பதற்கு முன்னால் ஐந்து வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் யார், என்ன செய்தார், எப்போது என்ற மூன்றும் இருக்க வேண்டும். "அம்மாவுக்கு நன்றி" என்பது வாழ்த்து அட்டை. "ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய முதல் கதையை அம்மா அடுப்பு முன்னால் நின்றுகொண்டே முழுசாகக் கேட்டார்" என்பது அறிதல்.

3. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், "இதை இந்த வேலையில் எங்கே பயன்படுத்தப் போகிறேன்?" என்று எழுதுங்கள். பாதி பயம் இங்கேயே போய்விடும். வெறுங்கையோடு போகவில்லை என்று தெரிந்துவிடும்.

4. முடித்த பிறகு, ஜெயித்தாலும் தோற்றாலும், பட்டியலில் இருக்கும் ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஃபார்வர்ட் மெசேஜ் வேண்டாம். நேரில் அல்லது போனில், அந்த ஒரு வரியை அப்படியே சொல்லுங்கள்.

5. வாரம் ஒரு முறை போதும். தினமும் எழுதினால் அட்டெண்டன்ஸ் போல ஆகிவிடும். சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்விலும் வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை

"உனக்கு இவ்ளோ பண்ணியிருக்கோம்ல, அப்போ கேள்வி கேக்காத" என்று யாராவது சொன்னால், அது நன்றியைப் பற்றிய பேச்சு இல்லை, அதிகாரத்தைப் பற்றிய பேச்சு. உதவியை மறக்காமல் இருப்பதும், தவறைத் தவறு என்று சொல்வதும் ஒரே ஆளால் முடியும். அதே மாதிரி, உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கும் நண்பனிடம் போய் "இருக்குறதை நினைச்சு சந்தோஷப்படுடா" என்று பாடம் எடுக்காதீர்கள். முதலில் அவன் சொல்வதைக் கேளுங்கள்.

கடைசியாக

நாடகம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் என் பாவுப் பட்டியலை எழுதினேன். முதல் வரி: "அப்பா, என் ரெக்கார்டிங்குக்காக மூன்று தறியை அரைமணி நேரம் நிறுத்தினார்." எழுதிய பிறகுதான் உறைத்தது. அந்த அரைமணிக்குக் கூலி இல்லை. அவர் அதை நஷ்டமாகச் சொல்லவில்லை. நானும் அதை உதவியாகக் கவனிக்கவில்லை. தறியை விளையாட்டாக்குகிறேன் என்று நான் உறுத்திக்கொண்டிருந்த நேரத்தில், அவர் தறியை நிறுத்தி என் வேலைக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது சொன்னேன். வார்த்தை திக்கியது. அப்பா தறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நடுவுல ஊடை தீர்ந்து தறி நின்னுச்சே, அதையும் போட்டீங்களா?"

இல்லை. தப்பு என்று நினைத்து அதை எடிட்டிங்கில் வெட்டியிருந்தோம். ஓடும் தறி திடீரென்று நிற்கும் அந்த இடம்தான் எங்கள் நாடகத்துக்குத் தேவையாக இருந்தது என்று அவர் கேட்ட பிறகுதான் புரிந்தது. இந்த வருஷ நாடகத்தில் அதை வைக்கிறோம். அப்பாவையும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் போனில் தூங்கும் அந்த ஸ்கிரிப்டை இன்றைக்குத் திறங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஐந்து வரி எழுதுங்கள். பாவு போட்டவர்கள் யார் யார் என்று தெரிந்துவிட்டால், நாடாவை ஓட்டுவது அவ்வளவு பயமாக இருக்காது.