'நெஞ்செல்லாம் எரியுது டாக்டர்!'

"நெஞ்சு எரியுது... தலைக்குள்ள குடையுது... கை கால் விட்டுப்போகுது டாக்டர்!"

இ.சி.ஜி. எடுத்தால் நார்மல். ரத்தப் பரிசோதனையும் நார்மல். "ஒண்ணுமில்லேம்மா" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். வீட்டிலோ, "வேலை செய்ய வணங்காம நடிக்கிறா" என்று பட்டம் வேறு!

நடிப்பே இல்லை. பயத்திலேயே வாழ்கிறவரின் உடம்பு எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தபடி இருக்கும். அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், தசைகள் இறுகும், தூக்கம் கெடும். வலி நிஜமான வலிதான்.

"புருஷன் அடிக்கிறார்" என்று சொன்னால் குடும்ப மானம் போய்விடும். சின்ன வயதில் உறவுக்காரர் ஒருவர் தப்பாக நடந்துகொண்டதைப் பெற்ற தாயிடமே சொல்ல முடியாது. ஆனால், "நெஞ்சு எரியுது" என்று யாரிடமும் சொல்லலாமே! சிலருக்கு அது பேய் பிடித்த ஆட்டமாக வெளிப்படும். வாய் திறக்காத மருமகள் அப்போது மாமியாரை 'நீ, வா, போ' என்று பேசுவாள். ஊரே நின்று கேட்கும்!

இது நம் ஊர் சமாச்சாரம் மட்டுமல்ல. கரீபியன் கடலில் உள்ள ப்யூர்ட்டோ ரிக்கோ தீவில் குடும்பச் சண்டை, சாவுச் செய்திக்குப் பிறகு சிலர் அலறி, நடுங்கி, நெஞ்சிலிருந்து தலைக்குச் சூடு ஏறுவதாகச் சொல்வார்கள். அங்கே அதற்கு 'நரம்புத் தாக்குதல்' என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1994-லேயே இது இடம்பெற்றுவிட்டது.

வீட்டில் ஒருவருக்கு இப்படி இருந்தால்...

* முதலில் உடம்பைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, வலிப்பு, இதயக் கோளாறிலும் இப்படி வரலாம். எல்லாமே மனக்காயம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

* தனியாகக் கேளுங்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் உண்மை வராது. "வீட்டுல எப்படி நடத்துறாங்கம்மா? யாரையாவது பார்த்தா பயமா இருக்கா?" என்று கேட்டால் போதும்.

* சொன்னால் நம்புங்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" வேண்டாம். அவர் சம்மதமில்லாமல் நேரே போய்ச் சண்டை போடாதீர்கள், அடி இரட்டிப்பாகும்.

* சாமி கும்பிடுங்கள், தப்பில்லை. கட்டி வைப்பது, அடிப்பது கூடவே கூடாது. 2001-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் கருகிப் போனார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் வருட மனநலச் சட்டம் தடை செய்கிறது.

* மனநல ஆலோசனைக்கு 14416, பெண்கள் உதவிக்கு 181. இரண்டுக்கும் கட்டணமில்லை. அடி உதைக்கு 2005-ம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் மகளோ மருமகளோ "நெஞ்சு எரியுது" என்றால், மோரைக் கொடுங்கள். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா நடந்தது?" என்றும் கேளுங்கள்.