மூன்று மாதம், ஆயிரம் கிலோமீட்டர், ஒரு சைக்கிள்

2025 ஜூன் மாதம் ஒரு இன்ஸ்டாகிராம் வீடியோ கூமாப்பட்டியை ஊரறிய வைத்தது. வத்திராயிருப்பைத் தாண்டி மலையடிவாரத்தில் தென்னையும் நெல்லுமாகத் தன்பாட்டுக்கு இருந்த ஊருக்கு வேனும் காருமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆனி வெயிலில் வந்தவர்களுக்கு வீடியோவில் கண்ட குளுமை கிடைக்கவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. ஊரைப் பார்க்க வேண்டிய காலம் புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகை முடிய. பார்க்க ஏற்ற வாகனம், என்னைக் கேட்டால், சைக்கிள்.

அந்த மூன்று மாதத்துக்குள் இத்தனை கிலோமீட்டர் என்று தனக்குத்தானே ஓர் இலக்கு வைத்துக்கொண்டு மிதிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பந்தயக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. கியர் சைக்கிள் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள் சும்மா நின்றால் அதுவே போதும்.

செய்ய வேண்டியவை

• ஒருநாள் இலக்கை விட்டுவிட்டுப் பருவ இலக்கு வையுங்கள். ‘ஒரே நாளில் நூறு’ என்று போட்டோ போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த நூறுக்குப் பிறகு சைக்கிள் தூசி படிந்து நிற்பதும் வழக்கம்தான். செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை ஏறக்குறைய 90 நாள். மழை, கல்யாணம், காய்ச்சல் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 60 நாள் மிஞ்சும். ஆயிரம் கிலோமீட்டரை அறுபதால் வகுத்தால் ஒரு நாளைக்குப் பதினேழுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் கழித்து மறுபடி ஏறுகிறவர்கள் ஐந்நூறு வைக்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கணக்கை ஆரம்பத்திலேயே மழைக்கு இடம்விட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான். வருட மழையில் பாதியளவு இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது என்பதை மறந்து போட்ட கணக்கு ஐப்பசி முதல் வாரத்திலேயே உடைந்துபோகும்.

• தூரத்தை ஊர்ப்பெயரால் எண்ணுங்கள். கூமாப்பட்டியிலிருந்து வத்திராயிருப்பு போய்த் திரும்பினால் பத்து கிலோமீட்டருக்குள் அடங்கும். முதல் வாரத்துக்கு அது போதும். அடுத்தது சுந்தரபாண்டியம். அதற்கும் அடுத்தது கிருஷ்ணன்கோவில். போய்வர முப்பதுக்குச் சற்றுக் குறையும். கல்லூரிப் பிள்ளைகளை நம்பிக் கடைகள் விடிவதற்குள் திறந்துவிடும் ஊர் அது, டீக்குப் பஞ்சமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தால் ஐம்பதை ஒட்டி வரும். ராஜபாளையம் என்றால் சுமார் எழுபது. அங்கிருந்து மேற்கே அய்யனார் கோவில் பக்கமும் ஒரு மிதி மிதித்துத் திரும்பினால் தொண்ணூறு. போனில் ஓடும் எண்ணைவிட ‘இன்றைக்குக் கிருஷ்ணன்கோவில் தாண்டிவிட்டேன்’ என்பது மனதில் நிற்கும். ஓர் ஊரை இரண்டு மூன்று தடவை அலுப்பில்லாமல் தொட்ட பிறகே அடுத்த ஊருக்குப் போங்கள்.

• காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மூன்றும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரே கோட்டில் கிடக்கின்றன. புரட்டாசியில் தென்மேற்குக் காற்றின் மிச்சம் இருக்கும். போகும்போது எதிர்க்கும், வரும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். ஐப்பசி பிறந்து காற்று திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். போகும்போது சுகமாக இருக்கும், ‘நமக்குக் கால் பழகிவிட்டது’ என்று தோன்றும், திரும்பும்போதுதான் விஷயம் தெரியும். ஐப்பசி பிறந்த பிறகு பாதித் தூரத்தில் பாதிக்குமேல் பலத்தை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

மேற்கே பிளவக்கல் அணைப் பக்கம் போகும் சாலை கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரியும். உண்மையில் அது மலையை நோக்கி மெல்ல ஏறுகிறது. அங்கே மூச்சு வாங்கினால் உங்கள் காலைத் திட்டாதீர்கள்.

• காலையிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் கட்டும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவான நாட்கள் வேறு கணக்கு. அன்றைக்குக் காலை, மாலை என்ற பேதம் கிடையாது, வீட்டில் இருங்கள். சாயங்காலச் சவாரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்கு மேற்கே மலை. பஞ்சாங்கத்தில் அஸ்தமனம் ஆறு மணியை ஒட்டி என்று இருந்தாலும் அடிவாரத்தில் அதற்கு வெகு முன்பே வெயில் மறைந்துவிடும். புளியமரம் அடர்ந்த சாலையில் ஐந்தரைக்கே இருட்டு. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, மட்கார்டில் ஒட்டும் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் மூன்றும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான்.

• பருவம் தொடங்கும் முன் சைக்கிளைக் கடையில் காட்டுங்கள். ரிம்மில் கோட்டம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஈர ரிம்மில் பிரேக் பிடிக்க நேரமாகும். தேய்ந்த கட்டை என்றால் பிடிக்கவே பிடிக்காது. சீட் உயரத்தையும் அங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சரி. நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டி வலிக்கிறது என்கிறார்கள். ஒரு ட்யூப், டயர் கழற்றும் நெம்புகோல், கைப்பம்பு மூன்றும் கேரியரில் இருக்கட்டும். வத்திராயிருப்புக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் நடுவே விடிகாலையில் பஞ்சர் ஆனால் கடை திறக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

• பசிக்கும் முன் சாப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட சவாரிக்குத் தண்ணீரே போதும். அதைத் தாண்டினால் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் கடலை மிட்டாய். மேகம் மூடியிருப்பதால் வியர்க்கவில்லை என்று நினைக்கிறோம். சட்டை முதுகைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். நீண்ட நாட்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து எடுத்துப் போங்கள். திரும்பும் வழியில் இளநீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

• கோயில் நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் கட்டி ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சதுரகிரி போகும் வண்டிகளால் வத்திராயிருப்பு–தாணிப்பாறை சாலை நிரம்பிவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பட்டாசு வாங்க வரும் வெளியூர்க் கார்கள் சிவகாசிச் சாலையைப் பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் வேறு திசையில் மிதியுங்கள். தீபாவளி அன்று வேண்டவே வேண்டாம். தெருவில் எந்தச் சரம் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

செய்யக்கூடாதவை

• மழை தின்ற நாளை மறுநாள் ஈடுகட்டாதீர்கள். இதுதான் இலக்கு வைத்தவர்களைக் கெடுக்கிற முதல் புத்தி. நாலு நாள் அடைமழை, ஐந்தாம் நாள் வெயில் அடித்தது, விட்ட அறுபத்துச் சொச்சத்தையும் இன்றைக்கே முடித்துவிடுவோம் என்று கிளம்புகிறார்கள். முட்டிக்கும் இடுப்புக்கும் அந்தக் கணக்கு புரியாது. அதற்கடுத்து ஒரு வாரம் வலியால் போக முடியாமல் இன்னும் பின்தங்குவதுதான் மிச்சம். விட்ட நாள் விட்டதுதான். அதற்காகத்தான் முப்பது நாளை முன்பே கழித்து வைத்தோம். கார்த்திகை முடியும்போது தொள்ளாயிரத்து இருபதில் நின்றால் நிற்கட்டும்.

• சாலைமேல் ஓடும் தண்ணீரில் சைக்கிளை இறக்காதீர்கள். கணுக்காலளவு என்றாலும் சரி. மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்கும் நமக்குத் தெரியாது. இங்கே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தது கோடையில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பருவமழையில் சொல்லவே வேண்டாம். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் வந்த வழியே திரும்புங்கள். அந்தத் திரும்பும் தூரமும் இலக்கில் சேர்த்திதான்.

• காட்டைக் கிலோமீட்டர் சேர்க்கும் இடமாக நினைக்காதீர்கள். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மலை, 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம். பிளவக்கல், செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் எல்லாமே அதன் வாசலில் இருப்பவை. வனத்துறைச் சோதனைச்சாவடி எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் சவாரி முடிகிறது. அணையில் இறங்கிக் குளிக்கலாம் என்று எந்த வீடியோ சொன்னாலும் நம்ப வேண்டாம். யானைகள் அடிவாரத்துத் தென்னை, மாந்தோப்புகளுக்கு இறங்குவது இரவிலும் விடிவதற்கு முன்பும். ஆகவே மலைப்பக்கம் போவதாக இருந்தால் நன்றாக வெளிச்சம் வந்தபின் போங்கள். வழியில் புதுச் சாணம் கிடந்தால் படம் எடுக்க நிற்காமல் திரும்புங்கள். தோட்டக்காரர் ‘போகாதீங்க’ என்றால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

• நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். ராஜபாளையம் பெயரையே ஒரு வேட்டைநாய் இனம் சுமக்கிறது. அதோடு ஓட்டப்பந்தயம் வைத்து ஜெயிக்க முடியாது. உண்மையில் சாலையில் துரத்துபவை அவை அல்ல, தோப்புக் காவலுக்கு நிற்கும் சாதா நாய்கள்தான். இறங்கிவிடுங்கள். சைக்கிளை நடுவில் வைத்து, கண்ணை உறுத்துப் பார்க்காமல் மெல்ல நடங்கள். பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும். கடித்தால், கீறல் மட்டும்தான் என்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

• உழவு நடக்கும் வயலோரச் சாலையில் வளைவில் சாயாதீர்கள். ஐப்பசியில் நடவு வேலை மும்முரம். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து ஏறிய இடமெல்லாம் தார்மேல் சேறு படிந்திருக்கும். காய்ந்த சேறு தொல்லை இல்லை. லேசாகத் தூறல் விழுந்த சேறுதான் ஆளைச் சறுக்கிவிடும்.

• நெடுஞ்சாலையில் ஹெட்போன் மாட்டாதீர்கள். கிருஷ்ணன்கோவிலில் தொடங்கி ராஜபாளையம்வரை நீங்கள் போவது மதுரை–கொல்லம் நெடுஞ்சாலை. கேரளா லாரிகளும், மில் வேன்களும், ஒன்றையொன்று முந்தும் பஸ்களும் ஓடும் இடம். பின்னால் வருவதைக் காதால்தான் பார்க்க வேண்டும். இருவர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு போவதை வத்திராயிருப்புச் சாலையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

• பால்கோவாவை வழியில் சாப்பிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்வரை போய்விட்டு வாங்காமல் வருவது பாவம், ஒப்புக்கொள்கிறேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஆனால் கால் கிலோ பாலும் சர்க்கரையும் வயிற்றில் இருக்க எதிர்க்காற்றில் இருபத்தைந்து கிலோமீட்டர் மிதிப்பது தண்டனை. பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

• வீட்டுப் பெண்களை வாசலில் நிறுத்தி வழியனுப்பச் சொல்லாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. குவாரிக் கூலிகளும் விவசாயக் கூலிகளுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் அப்போது ஓட்டப் பழகினார்கள். முப்பது வருடம் கழித்தும் விடிகாலைச் சாலையில் ஆண்களையே அதிகம் பார்க்கிறோம். இரண்டு பேராகப் போனால் பாதுகாப்பும் கூடும், பஞ்சர் ஒட்ட ஒரு கையும் கிடைக்கும்.

• நனைந்த சைக்கிளை அப்படியே சாத்திவைக்காதீர்கள். பழந்துணியால் செயினைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய். ஐந்து நிமிட வேலை.

• ஆயிரம் முடிந்த சூட்டில் அடுத்த வாரமே பெரிய சவாரிக்குப் பெயர் கொடுக்காதீர்கள். நகரங்களில் ‘பிரெவே’ என்று நடத்துகிறார்கள். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், டீ குடித்த நேரமும் அதற்குள்தான். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. இதே வரிசையில் மேலே போனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் வரும்: 1,200 கிலோமீட்டர், 90 மணி. அதெல்லாம் இருக்கட்டும். உங்களுக்கு ராஜபாளையம் போய்த் திரும்ப, நின்ற நேரமும் சேர்த்து, எவ்வளவு ஆகிறது என்று மார்கழியில் ஒரு காலை பாருங்கள். நாலரை மணி நேரத்துக்குள் என்றால் தையில் 200-க்கு யோசிக்கலாம். அதற்கு மேல் போனால் அடுத்த புரட்டாசிவரை இதே சாலை போதும்.