சீமோனும் ஞானஸ்நானம் பெற்றான்

இந்த மாதம் அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தைத் தியானிப்போம். வேதாகமத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வீடு சந்திப்புக்குப் போகும்போது நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, நீங்க ரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?" அநேக வீடுகளில் வருகிற பதில் இது: "ஆமாங்க பாஸ்டர், 1992லேயே ஞானஸ்நானம் எடுத்தாச்சு." நான் கேட்டது ஒன்று, அவர்கள் சொல்வது வேறொன்று. பாவம் மன்னிக்கப்பட்டதா என்று கேட்டால் தண்ணீரில் இறங்கிய தேதியைச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது.

ஞானஸ்நானத்தை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது ஆண்டவருடைய கட்டளை. விசுவாசித்தவன் மூழ்கி ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று சொன்னதற்காக நம்முடைய மூத்த விசுவாசிகள் சொந்த பந்தத்தாரிடம் எவ்வளவு பேச்சு வாங்கினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் கீழ்ப்படிதலின் அடையாளம் வேறு, இரட்சிப்பின் ருசு வேறு. இதை வேதமே நமக்குக் காட்டுகிறது.

சமாரியாவிலே சீமோன் என்று ஒரு மாயவித்தைக்காரன். தன்னை ஒரு பெரிய ஆள் என்று சொல்லி, ஊரையே பிரமிக்க வைத்திருந்தான். அங்கே பிலிப்பு போய்ப் பிரசங்கித்தார். பிசாசுகள் ஓடின, முடவர் நடந்தார்கள், ஜனங்கள் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றார்கள். 13ஆம் வசனத்தைப் பாருங்கள். சீமோனும் விசுவாசித்தான், அவனும் ஞானஸ்நானம் பெற்றான். மற்றவர்களைக் குறித்து எந்த வார்த்தை எழுதப்பட்டதோ அதே வார்த்தைதான் அவனுக்கும். அதோடு நிற்கவில்லை, பிலிப்பை விட்டுப் பிரியாமல் கூடவே இருந்தான். இன்றைக்கு நம்ம சபையில் அப்படி ஒருவர் வந்தால் என்ன செய்வோம்? ஆறு மாதத்தில் மைக்கைக் கையில் கொடுத்து, "சகோதரன் சாட்சி சொல்லுவார்" என்போம். முன்னாள் மந்திரவாதியின் சாட்சி என்றால் கன்வென்ஷன் நோட்டீசிலேயே போட்டுவிடுவோம்!

பேதுருவும் யோவானும் எருசலேமிலிருந்து வந்து கைகளை வைத்தபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. சீமோன் பணத்தைக் கொண்டுவந்தான். தனக்கு அபிஷேகம் வேண்டும் என்று அவன் கேட்கவில்லை, கவனியுங்கள். தான் யார்மேல் கைவைத்தாலும் அவன் பரிசுத்த ஆவியைப் பெறும்படியான அதிகாரம் வேண்டும் என்றான். பழைய தொழிலுக்குப் புது சரக்கு! சபைப் பதவிகளைக் காசுக்கு விற்கிற பாவத்துக்கு மேல்நாட்டுச் சபைகளில் இன்றுவரை 'சைமனி' என்று இவன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அவன் உண்மையாய் இரட்சிக்கப்பட்டு, பிறகு விழுந்துபோனான் என்று சொல்லுகிற போதகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் காரியத்தில் அவனுக்குப் பங்கே கிடையாது, அவன் இருதயம் தேவனுக்கு முன்பாக நேராக இல்லை என்று பேதுரு சொல்கிறார் (8:21). இன்னும் அக்கிரமத்தின் கட்டில்தான் இருக்கிறான் என்கிறார் (8:23). பேதுரு கடிந்துகொண்ட பிறகாவது சீமோன் என்ன சொன்னான்? "என் பாவத்தை மன்னிக்கும்படி கேளுங்கள்" என்றா? இல்லை. சொன்ன தண்டனை ஒன்றும் தன்மேல் வராதபடிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னான் (8:24). பாவம் அவனை உறுத்தவில்லை, பலனுக்குத்தான் பயந்தான்.

இப்போது அதே அதிகாரத்தின் பிற்பகுதிக்கு வாருங்கள். அதே பிலிப்பு. காசாவுக்குப் போகிற வனாந்தர வழியிலே கந்தாகே ராணியின் மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். சீமோன் அற்புதங்களைப் பார்த்துப் பிரமித்தான். இவரோ வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தீர்க்கன் யாரைக் குறித்துச் சொல்லுகிறான் என்று கேட்கிறார். தண்ணீரைக் கண்டவுடன் தாமே ஞானஸ்நானம் கேட்கிறார். முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை என்று பிலிப்பு சொன்னதை 37ஆம் வசனத்தில் வாசிக்கிறோம். கரையேறியவுடன் பிலிப்பு காணாமற் போனார். ஊழியக்காரர் போய்விட்டாரே என்று மந்திரி தேடிக்கொண்டிருக்கவில்லை. சந்தோஷத்தோடே தன் வழியே போனார். பிலிப்பையே ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கு உள்ளே ஒன்றுமில்லை. பிலிப்பை இழந்தவருக்கோ ஆண்டவர் இருந்தார். ஊழியக்காரர், சபை, பாட்டு, கூட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் உங்களுக்குள் மீதி இருப்பது என்ன? கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

"பாஸ்டர், நான் தண்ணீரோட நிக்கல, அபிஷேகமும் பெற்றவன்" என்று சிலர் சொல்லலாம். ஆண்டவரின் நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொல்லி, பிசாசு துரத்தி, அற்புதமும் செய்தவர்களைப் பார்த்து, உங்களை நான் ஒருக்காலும் அறியேன் என்கிற கருத்தில் ஆண்டவர் பேசுவதை மத்தேயு 7:22,23இல் வாசிக்கிறோம். வரங்கள் குறைவில்லாத கொரிந்து சபைக்குத்தான் பவுல் இஸ்ரவேலரை ஞாபகப்படுத்தினார். எல்லாரும் மேகத்திலும் சமுத்திரத்திலும் ஞானஸ்நானம் பண்ணப்பட்டார்கள், ஆனாலும் அதிகமானோர் வனாந்தரத்திலே அழிக்கப்பட்டார்கள் (1 கொரி. 10:1-5). சிவந்த சமுத்திரத்தைக் கடந்த தேதி எல்லாருக்கும் ஒரே தேதிதான்!

சபை வரலாற்றிலும் ஒருவரைப் பாருங்கள். இங்கிலாந்து தேசத்து ஜான் வெஸ்லி. குழந்தையிலேயே ஞானஸ்நானம், 1728இல் குருப்பட்டம், ஆக்ஸ்போர்டில் உபவாசம், சிறைச்சாலை சந்திப்பு. பிறகு அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பலேறினார். 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல் அடித்தது. அந்தக் கப்பலில் இருந்த மொரேவிய விசுவாசிகள் பெண்களும் பிள்ளைகளுமாய் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். மிஷனரி வெஸ்லிக்கோ மரணபயம். கரை சேர்ந்த பிறகு ஸ்பாங்கன்பெர்க் என்கிற மொரேவிய ஊழியர், இயேசுவை அறிவாயா என்று அவரைக் கேட்டார். அவர் உலக இரட்சகர் என்று வெஸ்லி பதில் சொன்னார். உன்னை இரட்சித்தாரா என்பது அடுத்த கேள்வி. அதற்கு வெஸ்லியிடம் உறுதியான பதில் இல்லை. 1738 மே 24ஆம் தேதி லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோதுதான், கிறிஸ்து தன் பாவங்களையே எடுத்துப்போட்டார் என்கிற நிச்சயம் அவருக்குள் வந்தது. குருப்பட்டம் பெற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு தன்னிடத்தில் வேலைக்காரனின் விசுவாசம் இருந்தது, குமாரனின் விசுவாசம் இல்லை என்று பிற்காலத்தில் அவரே குறிப்பு எழுதினார்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். கல்யாணம் பேசும்போது "பையன் ஞானஸ்நானம் எடுத்தவரா?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் பெண் வீட்டார் கேட்டார்கள் என்பதற்காக நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் அவசர அவசரமாகத் தண்ணீரில் இறங்கி, கல்யாணப் பந்தல் பிரித்ததும் சபைப் பக்கமே தலைகாட்டாத வாலிபர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இன்று தனியே சபைக்கு வந்து கண்ணீரோடே முழங்கால்படியிடுகிறார்கள். சர்டிபிகேட் பைலில் பத்திரமாய் இருக்கிறது. யோவான்ஸ்நானன் யோர்தானுக்கு வந்த பரிசேயரையும் சதுசேயரையும் பார்த்து முதலில் கனியைக் கேட்டார் (மத். 3:7,8). நாமோ ஞானஸ்நான வகுப்பில் வருகைப் பதிவைப் பார்க்கிறோம்.

இதை வாசித்துவிட்டு, பயப்படத் தேவையில்லாத சிலர் பயந்து போவீர்கள். சிறு பாவத்துக்கும் அழுது ஜெபிக்கிற தாய்மார் உடனே "நான் சீமோனோ" என்று கலங்குவார்கள். அப்படிக் கலங்குகிறவர்கள் 24ஆம் வசனத்தை மறுபடி வாசியுங்கள். தண்டனைக்கு மட்டும் பயப்படுகிறீர்களா, இல்லை ஆண்டவரைத் துக்கப்படுத்தினோமே என்று அழுகிறீர்களா? சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் பெற நேரமே இல்லை. நினைத்தருளும் என்று கேட்டான், அன்றைக்கே பரதீசு கிடைத்தது. இன்னொன்று, விசுவாசத்தில் இருக்கிறீர்களோ என்று சோதிக்கும்படி பவுல் எழுதியபோது (2 கொரி. 13:5) தங்களைத் தாங்களே சோதிக்கச் சொன்னார். அடுத்த பெஞ்சில் இருக்கிற சகோதரியை அல்ல!

ஒரு சகோதரி என்னிடம் வந்து, "ஐயா, நான் சின்ன வயசுல அம்மா சொன்னாங்கன்னு ஞானஸ்நானம் எடுத்தேன். அப்போ ஒண்ணும் தெரியாது. மறுபடி எடுக்கட்டுமா?" என்றார்கள். நான் 22ஆம் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். பேதுரு சீமோனை மறுபடியும் தண்ணீருக்கு அனுப்பவில்லை. மனந்திரும்பச் சொன்னார், தேவனை நோக்கி வேண்டச் சொன்னார். "அம்மா, முதல்ல எதை விட்டு மனந்திரும்பணும்னு கர்த்தர் உங்களுக்குக் காட்டுறார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, தன் நாத்தனாரோடு ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை என்றார்கள். சகோதரனைப் பகைக்கிறவனைக் குறித்து 1 யோவான் 3ஆம் அதிகாரத்தில் உள்ளதைச் சேர்ந்து வாசித்தோம், முழங்காலில் நின்று ஜெபித்தோம். எழுந்தபோது, "தொட்டியில தண்ணி நிரப்ப வேண்டாம் ஐயா, நான் முதல்ல நாத்தனார் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.