மூர்த்தியும் கீர்த்தியும்

குத்துச்சண்டையில் ஆர்வமுள்ள நண்பர்கள் நால்வர் கூடினால், பேச்சு ஒரு கேள்வியில் வந்து நிற்பது வழக்கம். 1952 முதல் 1956 வரை ஹெவிவெயிட் என்னும் பேரெடைப் பிரிவில் உலக வாகையராக விளங்கி, 49 போட்டிகளில் 49-லும் வென்று ஓய்வுபெற்றவர் ராக்கி மார்சியானோ. அவர் நம் காலத்து டைசன் ஃபியூரியை எதிர்த்து நின்றால் என்ன ஆகும்? மார்சியானோவின் உயரம் ஏறத்தாழ 179 சென்டிமீட்டர். எடை 85 கிலோ அளவு. ஃபியூரியோ 206 சென்டிமீட்டர் உயரம். 120 கிலோவைத் தாண்டியும் களம் இறங்கியவர். "இது போட்டியே அன்று" என்பர் ஒரு சாரார். "மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்று பழமொழியைத் துணைக்கு அழைப்பர் மறு சாரார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயர் சொல்லிக் களம் கண்ட வடசென்னைக்கும் தந்தை காலத்து வீரரை மகன் காலத்து வீரரோடு ஒப்பிடும் வழக்கு புதிதன்று.

இவ்வழக்கு தீராமைக்குக் காரணம், ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பதே என்பது என் கருத்து. அதனை இங்கே சிறிது ஆராய்வோம்.

கணக்கு கூறுவது

உருவ அமைப்பு மாறாமல் ஒருவரது உயரம் மட்டும் நூற்றுக்குப் பத்து கூடுவதாகக் கொள்வோம். தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அது 1.21 மடங்காகும். எடையோ கன அளவைப் பொறுத்தது, அது 1.33 மடங்காகும். ஆகவே மொத்த வலிமை 21 விழுக்காடு கூடினும், ஒரு கிலோ எடைக்கு உரிய வலிமை 9 விழுக்காடு குறைகிறது. இவ்வுண்மையைக் கலிலியோ 1638-இலேயே எலும்புகளை வைத்து விளக்கினார். 1956-இல் லீட்ஸ்கே என்பவர் பளுதூக்கும் வீரர்களின் சாதனைகளை ஆராய்ந்து, அவை உடல் எடையின் மூன்றில் இரண்டு என்னும் அடுக்கை ஒட்டி உயர்வதைக் காட்டினார்.

இதனைக் களத்தில் வைத்துப் பார்ப்போம். பெரியவரின் கை நீளம். எதிரியின் கை எட்டாத தொலைவிலிருந்தே அவர் குத்தலாம். ஒரே குத்து பட்டாலும் கனத்த உடல் குறைவாகவே அசையும். இருவரும் கட்டிப் பிடித்துக்கொள்ளும்போது தம் எடை முழுவதையும் எதிரியின் தோளில் சாய்த்து அவரைக் களைக்க வைக்கலாம். இவை வரவு. செலவும் உண்டு. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அவ்வளவு எடையையும் சுமக்க வேண்டும். உடலில் சூடு பிறப்பது தசையின் அளவுக்கு ஏற்ப. அது வெளியேறுவதோ தோலின் பரப்பு வழியாக. பெரிய உடலில் எடையை நோக்கத் தோலின் பரப்பு குறைவு. திருவனந்தபுரத்தின் ஈரப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் பந்தாடியவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. எனவே சண்டை நீள நீளப் பெரியவரின் வரவு குறைந்துகொண்டே வரும். முற்காலத்தில் வாகைப் போட்டிகள் 15 சுற்று நடந்தன; 1982-இல் ஒரு வீரர் போட்டியில் அடிபட்டு இறந்த பிறகு அவை படிப்படியாக 12 சுற்றாகக் குறைந்தன. இம்மாற்றம் பெரிய உடலினர்க்குச் சாதகமே.

களம் கூறுவது

1919 ஜூலை 4 அன்று டொலிடோ நகரில், கடும் வெயிலில், 85 கிலோ எடையுள்ள ஜாக் டெம்ப்சி 111 கிலோ எடையுள்ள ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். மூன்று சுற்றுகளில் போட்டி முடிந்தது. ஆனால் வில்லர்டுக்கு அப்போது வயது 37. பட்டத்தைக் காக்க அவர் களம் இறங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் மறத்தலாகாது. 1934-இல் நுட்பத்தில் மேம்பட்ட டாமி லோக்ரன், தம்மைவிட ஏறத்தாழ 39 கிலோ கூடுதலான பிரிமோ கார்னெராவிடம் 15 சுற்று நின்று, புள்ளிக் கணக்கில் தோற்றார். அதே கார்னெரா அவ்வாண்டே மாக்ஸ் பேயரிடமும், மறு ஆண்டு ஜோ லூயியிடமும் வீழ்ந்தார். 2009-இல் டேவிட் ஹே தம்மைவிட 40 கிலோவுக்கு மேல் கனத்த வலுயேவை வென்றார். 2024-இல் குரூசர்வெயிட் பிரிவிலிருந்து உயர்ந்து வந்த உசிக், ஃபியூரியை இரு முறை வென்றார்.

இவற்றைக் கொண்டு "உருவம் பொருட்டன்று" என முடிவு கட்டலாமா? கூடாது. வென்ற சிறியவர்களையே நாம் நினைவில் வைக்கிறோம். தோற்ற சிறியவர்கள் மறக்கப்படுகின்றனர். 198 சென்டிமீட்டர் உயரமும் தேர்ந்த நுட்பமும் ஒருங்கே பெற்ற விளாடிமிர் கிளிட்ச்கோ 2006 முதல் 2015 வரை வாகையராக இருந்தார். உருவம் ஒரு பெருக்கல் எண் போன்றது எனலாம். திறன் மிகுந்தால் அதைப் பெருக்கிக் காட்டும். திறன் இல்லையேல் பெருக்குவதற்கு ஒன்றும் இராது.

எல்லைக்கோடு நகர்ந்தது

1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். இருவரும் லூயிவில் நகரத்தவர். இளமை முதல் நண்பர்கள். எல்லிஸ் 72.5 கிலோ வரம்புள்ள மிடில்வெயிட் பிரிவில் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, 1968-இல் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பேரெடைப் பட்டத்தையே வென்றவர். 1971-இல் ஹூஸ்டனில் இந்நண்பர்கள் மெய்யாகவே மோதியபோது எல்லிஸ் 86 கிலோ, அலி 100 கிலோ. பன்னிரண்டாம் சுற்றில் நடுவர் போட்டியை நிறுத்தினார், வென்றவர் அலி.

இன்று குரூசர்வெயிட் பிரிவின் மேல் வரம்பு 90.7 கிலோ. அப்பிரிவே 1979-இல்தான் உருவாயிற்று. இன்றைய அளவுகோலின்படி டெம்ப்சியும் மார்சியானோவும் எல்லிஸும் பேரெடை வீரர்களே அல்லர்! பேரெடைக்கோ மேல் வரம்பு என்றுமே இருந்ததில்லை. "பேரெடை வீரர்" என்னும் சொல் மாறவில்லை. அச்சொல் குறிக்கும் உடல் மாறிவிட்டது. ஒப்பிடுவோர் முதலில் இதனை உணர்தல் வேண்டும்.

இரண்டு கேள்விகள்

இனி நம் வழக்குக்கு வருவோம். "அன்றைய மார்சியானோவை அப்படியே தூக்கி வந்து ஃபியூரியின் முன் நிறுத்தினால் யார் வெல்வர்?" என்பது மூர்த்தியைப் பற்றிய கேள்வி. 35 கிலோவுக்கு மேற்பட்ட வேறுபாட்டில், பெரியவரும் திறனுடையவர் என்றால், பெரியவர் பக்கமே நான் நிற்பேன். "இருவரில் சிறந்தவர் யார்?" என்பது கீர்த்தியைப் பற்றிய கேள்வி. இதற்கு ஒவ்வொருவரையும் அவர் காலத்து உணவு, பயிற்சி, விதி, எதிரிகள் ஆகியவற்றோடு வைத்தே அளக்க வேண்டும். முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் எழுதிவிடுவதுதான் பிழை.

இப்பிழை குத்துச்சண்டையோடு நிற்பதில்லை. திருச்சியில் பிறந்த இராமன் 1928-இல் கதிரவன் ஒளியையும் பாதரச விளக்கையும் கொண்டு கண்டறிந்த விளைவை, இன்று முதுகலை மாணவன் ஒருவன் லேசர் துணையால் ஒரு பிற்பகலில் அளந்துவிடுகிறான். கருவியால் அவன் பெரியவன். அதனால் அவன் இராமனை விஞ்சிவிட்டான் என்று யாரேனும் சொல்வரா? முன்னோரை மதிப்பிடும்போது நம் தோளுக்குக் கீழே நிற்கும் காலத்தின் உயரத்தையும் கழித்துப் பார்ப்போம். கழித்தபின் மிஞ்சுவதே நம் சொந்த உயரம். அதனைக் கூட்டுவதே மாணவராகிய நமக்கு உரிய பயிற்சி.