எழுபத்திரண்டு மணி நேர வாரம்

கேள்வி: மந்திரிசபையும் சட்டசபையும் நீதிமன்றமும் தலைநகரங்களில் செய்யும் தீர்மானங்கள், ஷிப்டு முடிந்து ஓ.டி.யும் பார்த்துவிட்டு வீடு திரும்பும் என் போன்றோரைத் தொடுகின்றனவா, அல்லது எல்லாம் வெறும் பத்திரிகைச் செய்திதானா?
— ஆலைத் தொழிலாளி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: தங்கள் சம்பளச் சீட்டில் ஓ.டி. என்று ஒரு வரி இருக்குமே, அந்த ஒரு வரியைப் பற்றியே ஒரு விவகாரம் சொல்கிறேன். நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கோ மேற்பட்டு வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டும் என்பது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவின் விதியாக இருந்தது. கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் குஜராத் அரசாங்கம், சட்டசபையை நாடாமலேயே, அதே சட்டம் 'பொது நெருக்கடி'க் காலத்துக்கென்று தந்திருந்த விலக்கு அதிகாரத்தைக் கையிலெடுத்து, நாளொன்றுக்கு 12 மணி நேரமும் வாரத்துக்கு 72 மணி நேரமும் வேலை வாங்கலாம் என்று அறிவிக்கை பிறப்பித்ததோடு, எட்டு மணி நேரத்துக்கு 80 ரூபாயானால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 120 ரூபாய் என்று விகிதாசாரக் கணக்கையும் அதிலேயே போட்டுக் காட்டிற்று. அந்தக் கணக்கையே பிடித்துப் பார்த்தால், வாரம் 72 மணி நேரம் உழைத்தவருக்குப் பழைய பிரகாரம் 960 ரூபாய் சேரவேண்டிய இடத்தில் 720 ரூபாய்தான் சேரும். எந்த வரியும் இத்தனை சுலபமாக வசூலாகியிராது!

தொழிற்சங்கத்தார் தொடுத்த வழக்கில், சட்டம் கருதிய நெருக்கடி யுத்தத்தாலோ அந்நிய ஆக்கிரமிப்பாலோ உள்நாட்டுக் குழப்பத்தாலோ தேசத்தின் பாதுகாப்புக்கு நேரும் பேராபத்தேயன்றி நோயினால் விளைந்த பொருளாதார நலிவு அன்று என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபர் 1-ஆம் தேதி அந்த அறிவிக்கையை ரத்துச் செய்து, இடைப்பட்ட மாதங்களுக்கும் இரட்டிப்புக் கூலியைக் கொடுக்கும்படி விதித்தது. தீர்ப்பு நியாயமானதே, ஆயினும் அதற்குள் வேலையை விட்டுச் சொந்த ஊர் போய்ச் சேர்ந்துவிட்டவர் எந்தச் சீட்டைக் காட்டி, யாரிடம் அந்தப் பாக்கியைக் கேட்டிருப்பார்?

நம் மாகாணத்திலோ வேலை நேர வரம்புகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்க வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி சட்டசபையில் நிறைவேறி, தோழமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்றதனால் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. நீதிமன்றத்தைக் காட்டிலும் சங்கத்தின் குரல் விரைவாகப் போய்ச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஸ்தானத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டத் தொகுப்பிலும் இரட்டிப்பு விதி நீடிக்கிறது. ஆகவே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், கேட்டுக்குள் நுழைந்த நேரத்தையும் வெளிவந்த நேரத்தையும் தினமும் ஒரு நோட்டில் தங்கள் கைப்படக் குறித்துவையுங்கள், ஓ.டி. வரியில் குறை கண்டால் முதலில் சங்கத்தாரிடமும், பிறகு தொழிற்சாலை ஆய்வாளரிடமும் எழுத்துமூலம் தெரிவியுங்கள்.