பொய்யைப் பரப்பிப் பார்க்க நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் திட்டத்தைப் படித்தேன். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலை ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நீயே ஒரு பொய்ச் செய்தியைப் போடுவாய். யார் யார் விசாரிக்காமல் அதை அனுப்புகிறார்கள் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பாய். இரண்டு நாள் கழித்து, இது வெறும் சோதனை என்று சொல்லி எல்லாவற்றையும் உன் சேனலில் வீடியோவாகப் போடுவாய். வதந்தியின் ஆபத்தை மலையில் உள்ளவர்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்ற உன் எண்ணம் உண்மையானது. அதனால்தான் வேண்டாம் என்று ஒரு வரியில் முடிக்காமல் இவ்வளவு எழுதுகிறேன்.

போளூரை அடுத்த அத்திமூரில் 2018 மே 9 அன்று நடந்தது உனக்குத் தெரியாமல் இருக்காது. பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது என்று ஆடியோவும் வீடியோவும் நம் மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பம் காரில் வந்தது. வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அவர்களில் சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர், அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடிவிட்டது. அடித்ததில் அந்த அம்மா உயிர் போனது. கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம்.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அம்மா எந்த ஊர்க் குழுவிலும் இல்லை. செய்தியை அனுப்பியவர்களும் நம்பியவர்களும் குழுவுக்குள் இருந்தார்கள். உயிரை இழந்தவர் வெளியில் இருந்து வந்தவர். உன் திட்டத்திலும் நீ எண்ணப்போவது உள்ளே இருப்பவர்களை மட்டும்தான். மூட்டையோடு மலையேறி வரும் துணி வியாபாரியும், மனநிலை சரியில்லாமல் ஊர் ஊராக அலைகிறவரும், தமிழ் தெரியாத கூலித் தொழிலாளியும் உன் ஸ்கிரீன்ஷாட்டில் வரமாட்டார்கள்.

யாருக்கும் ஆபத்தில்லாத பொய்யாகப் பார்த்துப் போடுகிறேன் என்பாய். நாளைக்கு தாலுகா ஆபீஸில் உதவித்தொகைக்குப் பெயர் எழுதுகிறார்கள் என்று போட்டால் என்ன கெட்டுவிடும்? சாமைக் கொல்லையில் களை எடுக்கும் ஒரு பெண் அன்றைய கூலியை விட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்து நிற்பாள். அடுத்த முறை உண்மையாகவே பெயர் எழுதும்போது வரமாட்டாள். அவள் இழந்த கூலியை உன்னால் திருப்பிக் கொடுத்துவிட முடியும். அந்த இரண்டாவது இழப்பை எப்படி ஈடு கட்டுவாய்?

கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்பதைத்தான் நீ பெரிதாக நம்புகிறாய். அப்படிச் சொல்லி முடித்த ஒரு சோதனையைப் பார். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்டு கார்ஃபிங்கல் 1960களில் தன் மாணவர்களை அவரவர் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவர் போல நடந்துகொள்ளச் சொன்னார். பெற்ற தாயிடம் அதிகப்படி மரியாதையோடு அனுமதி கேட்டு எதையும் எடுப்பது, கேட்டால் மட்டும் பேசுவது. வீட்டார் குழம்பினார்கள், கோபப்பட்டார்கள், சிலர் மனம் நொந்தார்கள். ஆனாலும் அந்தச் சோதனை ஒரு வீட்டுக்குள் அடங்கியது. அம்மா எதிரில் இருந்தார், விளக்கம் அவர் காதில் விழுந்தது.

வாட்ஸ்அப்பில் அப்படி நடக்காது. 2018இல் பிள்ளை பிடிக்கும் வதந்தியோடு இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவைப் பார்த்திருப்பாய். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். பைக்கில் வரும் இருவர் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ரோஷ்னி என்ற அமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அசல் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து பையனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். மிச்சம்தான் கைக்குக் கை போனது. எடுத்தவர்கள் உன்னைப் போலவே நல்ல எண்ணத்தோடுதான் எடுத்தார்கள், தம்பி. உன் பொய் ஒரு குழுவுக்குப் போகும், உன் விளக்கம் வேறொரு குழுவுக்குப் போகும். 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. வேகம் குறைந்ததே தவிர, வெட்டிப் பரப்புவது நிற்கவில்லை.

படித்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லினக்ஸ் மென்பொருளைப் பராமரிப்பவர்கள் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார்கள் என்று பார்க்க, வேண்டுமென்றே பிழை வைத்த திருத்தங்களை அனுப்பினார்கள். இது மனிதர்கள்மீது செய்யும் ஆய்வு ஆகாது என்று பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு விலக்கும் கொடுத்திருந்தது. 2021 ஏப்ரலில் விஷயம் வெடித்து, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதையே லினக்ஸ் தரப்பு தடுத்தது. அங்கிருந்து அதற்கு முன் வந்திருந்த நூற்றுக்கணக்கான திருத்தங்களையும் திரும்ப உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. அந்த உழைப்பெல்லாம் சோதிக்கப்பட்டவர்களுடையது. ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது.

இதையெல்லாம் சொல்வதால், ஊர் வழக்கத்தை மீறவே கூடாது என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. 1924இல் வைக்கத்தில் சாதியின் பெயரால் தடுக்கப்பட்ட தெருவில் நடக்கப்போனவர்கள் மீறினார்கள். பெயரைச் சொல்லிக்கொண்டு, எல்லார் கண்ணெதிரிலும் போனார்கள். பெரியார் உட்பட அவர்களே சிறைக்குப் போனார்கள். உன் திட்டத்தில் நீ மறைந்து நிற்கிறாய், விளைவு மற்றவர் தலையில் விழுகிறது. அந்த வேறுபாட்டை நான் சிறிதாக நினைக்கவில்லை.

வேலையை விட்டுவிடவும் சொல்லவில்லை. புதிதாகப் பொய் தயாரிக்கத் தேவையே இல்லை, இந்த மாதம் மலையில் சுற்றிய வதந்திகளே போதும். குழு அட்மின்களிடம் நேரில் போய், எது முதலில் எங்கிருந்து வந்தது, யார் சந்தேகப்பட்டார், அவர் பேச்சை ஏன் யாரும் கேட்கவில்லை என்று விசாரி. சோதித்துத்தான் பார்க்க வேண்டுமென்றால் சம்மதம் உள்ளவர்களை ஒரு அறையில் உட்காரவைத்து, இன்று பத்துச் செய்தி காட்டுவேன், சில பொய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்டு. முகத்தையும் குரலையும் அவர்கள் அனுமதி இல்லாமல் வெளியிடாதே. அனுப்பியவரின் பெயரைத் திரையில் காட்டி அவமானப்படுத்துவது, சம்மதம் இருந்தாலும் வேண்டாம்.

அத்திமூர் பக்கத்தில் அந்த நாளை நினைவு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். கேமராவை வீட்டில் வைத்துவிட்டு முதலில் அவர்களிடம் போய்ப் பேசு. அவர்கள் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் திரும்பி வா. அதன் பிறகு உன் புதுத் திட்டத்தை எழுதி அனுப்பு, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்