இன்ஜின் பிளாக்கில் துருவா? பூட்டும் முன் ஒரு நிமிடம்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது ராக்கெட் பற்றியோ ரோபோ பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், பட்டு அறிந்து நான் கற்ற பாடம் துரு ஒன்றுதான். அதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அந்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாமே என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூர்ப் பக்கம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும்தான் பிழைப்பு. கிணற்றுக்கு மின் இணைப்பு இல்லை. ஐந்து குதிரைத் திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின்தான் தண்ணீர் இறைக்கிறது. அது புகை தள்ள ஆரம்பித்ததால் போன ஐப்பசியில் கழற்றினோம். ரிங் செட் வாங்கக் கையில் காசு இல்லை. சோளம் விற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிளாக்கைக் கொட்டகையில் வைத்து, மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடினேன். அது பொட்டாஷ் உரம் வந்த சாக்கு. தை மாதம் சாக்கை எடுத்துப் பார்த்தால் பிளாக் முழுக்கச் செங்கல் நிறம்!

துரு ஏன் பிடிக்கிறது?

இரும்பு, ஆக்சிஜன், ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. மழை நேராக நனைக்க வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே வேகம் கூடிவிடும். உப்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஈரத்தில் கரைந்த உப்பு மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் இரும்பு வேகமாக அரிக்கிறது. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. அந்தச் சாக்கால் மூடியது நான் செய்த முதல் தவறு. நம் கை வியர்வையிலும் உப்பு உண்டு. சீவி மினுக்கிய பரப்பில் வெறும் விரலை வைத்தால், சில நாளில் அங்கே விரல் ரேகை துருவாகத் தெரிவது இதனால்தான்.

அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கெட்டியான போர்வை போல இருந்து உள்ளே உள்ளதைக் காக்கும். இரும்பின் துரு அப்படியல்ல. அது பொருபொருவென்று இருப்பதால் ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே ‘மேலாகத்தானே பிடித்திருக்கிறது’ என்று விட்டுவைக்கக் கூடாது.

இடம் பார்த்து வைத்தியம்

பிளாக் முழுவதற்கும் ஒரே வைத்தியம் கிடையாது. இதுதான் முக்கியமான பாடம்.

1. வெளிப்புறம்: வார்ப்பாக விட்ட சொரசொரப்பான பகுதி. வயர் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்க்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவைத்து, பிரைமரும் பெயிண்டும் அடிக்கலாம். தேய்க்கும் முன் போர், ஆயில் துளை எல்லாவற்றையும் துணியால் அடைத்துவிட வேண்டும்.

2. ஹெட் உட்காரும் முகம்: இங்கே கிரைண்டரும் சுழலும் டிஸ்க்கும் ஆகவே ஆகாது. கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்தாலும் காஸ்கெட் ஊதிவிடும். எண்ணெய் தொட்ட ஸ்கிரேப்பரால் மெதுவாகச் சுரண்டி, தட்டையான கட்டையில் சுற்றிய நைஸ் எமரியால் சமமாகத் தேய்க்க வேண்டும். பிறகு ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளத்திலும் குறுக்கிலும் மூலைவாட்டத்திலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். எவ்வளவு இடைவெளி வரை போகலாம் என்பதை அந்த இன்ஜினின் கையேடுதான் சொல்ல வேண்டும்.

3. சிலிண்டர் போர்: முதலில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டுத் துணியால் துடைத்துப் பார்க்கவும். வெறும் கறை மட்டும் மிஞ்சினால் ஹோனிங் போதும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறதா? அது கறையல்ல, குழி. குழி இருந்தால் ஹோனிங் காப்பாற்றாது. போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையிலும் அளந்து, ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா, லைனர் மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஹோனிங் கோடுகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்ட வேண்டும். அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும். எமரியைக் கையில் பிடித்து மேலும் கீழுமாக இழுத்தால் நெட்டுக் கோடுதான் விழும். அதன் வழியே கம்ப்ரஷன் கீழே போய்விடும்.

4. பேரிங் உட்காரும் இடம்: ஷெல்லுக்குப் பின்னால் துருவோ தூசியோ இருந்தால் ஷெல் சரியாகப் படியாது, சூடும் கடத்தாது. இங்கே உலோகத்தைக் குறைக்கும் எந்த வேலையும் செய்யாமல், எண்ணெயும் மெல்லிய நைலான் பேடும் கொண்டு துருவை மட்டும் எடுக்க வேண்டும்.

5. மரைத் துளைகள்: சரியான அளவு டேப்பைக் கையாலேயே ஓட்டிச் சுத்தம் செய்து, காற்றடித்து ஊத வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கும்போது போல்டை முறுக்கினால், திரவம் அமுங்காது, பிளாக்தான் விரியும்.

ஊறவைக்கும் முறைகள்

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் துரு உடனே போகும் என்று சிலர் சொல்வார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவோடு நல்ல இரும்பையும் தின்னும். அதன் புகை பட்டு, பக்கத்தில் இருக்கும் ஸ்பேனரும் துருப்பிடிக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி அவ்வளவு மோசமில்லை. துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும், மேலே பெயிண்டும் பிடிக்கும். ஆனால் அது வெளிப்புறத்துக்கு மட்டும்தான், போருக்கும் பேரிங் இடத்துக்கும் அல்ல. அம்மா பித்தளைக் குடத்துக்குப் போடும் புளியில்கூட அமிலம் உண்டு. சிறிய போல்ட், வாஷர்களுக்கு அதுவே போதும்.

இன்னொன்று மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும் சாதாரண இரும்புத் தகட்டை பாசிட்டிவ் முனையிலும் இணைக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பாகமே கரையும்! ஸ்டெயின்லெஸ் தகடு போடக் கூடாது, அதிலிருந்து நச்சுத்தன்மை உள்ள குரோமியம் வெளிவரும். அலுமினியப் பாகங்களைச் சோடா அரிக்கும். ஹைட்ரஜன் வருவதால் வெளிக்காற்றில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்வது அவசியம்.

நான் செய்த தவறு

இதெல்லாம் தெரியாமலா இருந்தேன்? பாதி தெரியும். அதுதான் ஆபத்து. “மெக்கானிக் எதுக்கு, நம்ம தம்பியே படிக்குதுல்ல” என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எமரி பேப்பரை எடுத்துப் போரை மினுமினுவென்று ஆக்கினேன். மண்ணெண்ணெயில் கழுவினேன். தண்ணீர் பட்டால் மறுபடி துருப்பிடிக்குமே என்று சோப்பு நீர் காட்டவே இல்லை. பூட்டி ஹேண்டில் போட்டதும் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. அப்பா முகத்தில் அன்று கண்ட சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

இரண்டு வாரம் ஓடியது. பிறகு புகை, கம்ப்ரஷன் இல்லை, தட்டும் சத்தம் வேறு. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத வெங்காயம் பத்து நாள் தண்ணீர் காணாமல் தாள் மஞ்சளாகிச் சாய்ந்தது. டவுனிலிருந்து வந்த வயசான மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். ரிங் தேய்ந்துவிட்டது. பேரிங் ஷெல்லில் கருப்புக் கருப்பாகப் பொடி குத்திக்கொண்டு நின்றது. எமரிப் பொடி! அவர் ஒரு வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுப் போரின் கீழ்ப்பக்கம் துடைத்துக் காட்டினார். துணி சாம்பல் நிறமானது. “யாரு பூட்டினது?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, “மிஷின் பழசுங்க, அதான்” என்றார். நான் பேசாமல் நின்றேன்.

சரியான முறை என்ன?

மண்ணெண்ணெய் எண்ணெயைக் கரைக்கும். ஆனால் கோடுகளுக்குள் சிக்கிய பொடியை அது வெளியே கொண்டுவராது. சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தால்தான் பொடி மிதந்து வரும். ஆயில் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி, நீண்ட பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, உடனே காற்றடித்து உலர்த்தி, தாமதிக்காமல் இன்ஜின் ஆயில் பூச வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரே மஞ்சள் படரும். அந்தப் பயத்தில்தான் நான் தண்ணீரை ஒதுக்கினேன். பயப்பட வேண்டியது தண்ணீருக்கு அல்ல, தாமதத்துக்குத்தான். பிறகு எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்கவும். துணி வெள்ளையாகவே வரும் வரை கழுவுவதை நிறுத்தக் கூடாது.

அன்றே பூட்ட முடியாவிட்டால் கெட்டியாக ஆயில் பூசி, எண்ணெய்த் துணி சுற்றி, தரையில் படாமல் கட்டை மேல் வைக்கவும். ஈரச் சாக்கும் உர மூட்டையும் பக்கத்திலேயே வரக் கூடாது.

அந்த மெக்கானிக் சொல்லச் சொல்ல, இரண்டாம் முறை நானே கழுவினேன். ரிங்கும் பேரிங்கும் கடனில் வந்தன. இன்ஜின் இன்று வரை ஓடுகிறது.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்: “மிஷின் பழசு இல்லப்பா, நான்தான் சரியா கழுவல.” அப்பா வெற்றிலையை மென்றபடி, “எனக்கு அன்னைக்கே தெரியும்டா. அந்தத் துணியைப் பார்த்தேன்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்கும் சொல்லு. அவங்க வீட்டுலயும் வெங்காயம் இருக்கும்” என்றார்.

சொல்லிவிட்டேன், நண்பர்களே. அடுத்த முறை பட்டறையில் பிளாக்கைப் பூட்டும் முன், பையில் ஒரு வெள்ளைத் துணி இருக்கட்டும்.